ஒரு ஜோடி பழைய வால்வுகள்

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. மின்விசிறிக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது, நெருங்கி உட்காருங்கள். கையிலிருக்கும் போனைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். மரத்தில் தொங்கிக்கொண்டு பேய் ஆட்டம் போடுகிற கதை இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த வீட்டில், சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்த கதை. பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யார் கை என்று பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

முதலில் கேட்டது ஒரு கரண்டிச் சத்தம்தான்.

வாலண்டைன் ஹாலில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காதை முழுக்கப் பொத்திவிடும் பெரிய ஹெட்போன். ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் ஊளையிட்டுப் போவதும், கீழே பூக்கடைக்காரர் பிளாஸ்டிக் வாளியை இழுப்பதும் அதற்குள் வராது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் மூன்று விநாடி அமைதி இருக்கும், இல்லையா? அந்த அமைதியில், இடது காதுக்குள், யாரோ கோப்பையில் தேநீரைக் கலக்கி, கரண்டியை ஓரத்தில் இரண்டு முறை தட்டினார்கள்.

ஹெட்போனைக் கழற்றினார். சமையலறையில் மனைவி பெர்னடெட் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்துச் சத்தம் பொத்திய காதுக்குள் எப்படி வந்தது?

எதிரே மேசையில், ஹெட்போனுக்குப் பாட்டைப் பெருக்கித் தரும் சின்ன ஆம்ப். அதன் மேல் கட்டைவிரல் பருமனில் இரண்டு கண்ணாடி வால்வுகள், உள்ளே ஆரஞ்சுத் தணல் போலக் கம்பி. சூடேறிய தூசியின் வாசனை, பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தது போல. முந்தின நாள்தான் அவற்றை மாற்றியிருந்தார். வாங்கும்போது கூடவே வந்த வால்வுகள் சுமாராகத்தான் பாடின. கிள்ளானில் ஆம்ப் பழுது பார்க்கும் வாசு, ஏதோ ஒரு பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பிரித்தபோது கிடைத்தது என்று இந்த ஜோடியைக் கொடுத்திருந்தான். "இதைப் போட்டுக் கேளுங்க அங்கிள். பாடுறவங்க எந்திரிச்சு வந்து உங்க பக்கத்துல உக்காருவாங்க" என்றான்.

பொய் சொல்லவில்லை. பாட்டின் நடுவில் பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் மணியோசைக்குக் காது கொடுத்த மனிதருக்கு, ஓய்வுக் காலத்தில் இதைவிட என்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருந்தது. அதை அவரே விட்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஏழு மணிக்கு ஜெபமாலை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஜெபமாலையை இரண்டு பேராகச் சொன்னால், ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' என்று முதல் பாதியைச் சொல்வார், மற்றவர் 'புனித மரியே' என்று மறுபாதியைச் சொல்லி முடிப்பார். ஒரு மாலைக்கு ஐம்பது தடவைக்கு மேல் அப்படிக் குரலும் பதிலுமாகப் போகும். முதல் பாதி பெர்னடெட்டுடையது. மறுபாதி வாலண்டைனுடையது. முப்பத்தோரு வருடம் அப்படி. ஆம்ப் வந்த பிறகு, 'இன்னைக்கு ஒரு நாள்' என்று தொடங்கி, எட்டு மாதமாக அவர் போகவில்லை. போகாதது மட்டுமா? 'சத்தம் வருது, கதவைச் சாத்திக்கோ' என்றும் சொல்லியிருந்தார். அவளும் சாத்திக்கொண்டாள்.

அன்று ஏழு மணிக்கு, பாட்டுகளுக்கு நடுவிலிருந்த அமைதியில், அவளுடைய ஜெபம் கேட்டது. சாத்திய கதவையும் சுவரையும் தாண்டி, அவள் உதடு அவர் காதுமடலைத் தொட்டது போல அத்தனை அருகில். பாட்டை நிறுத்திவிட்டு அதையே கேட்டார். முதல் பாதியைச் சொன்னாள். நிறுத்தினாள். மறுபாதி சொல்லும் நேரம் அளவுக்குச் சும்மா இருந்தாள். பிறகு மாலையின் அடுத்த மணிக்குப் போனாள்.

தனியாகச் சொல்பவர்கள் இரண்டு பாதியையும் தாங்களே சொல்லிவிடுவார்கள், கண்ணுகளா. இவள் சொல்லவில்லை. அவருடைய இடத்தை அப்படியே காலியாக விட்டிருந்தாள்.

வாலண்டைன் ஹெட்போனைக் கழற்றினார். நாளைக்கு நிச்சயம் போய் முட்டி போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் புதுப் பாட்டு ஒன்று கிடைத்தது. அதற்கடுத்த நாள் முட்டி வலி.

நான்காம் நாள், அந்தக் காலி இடத்தில் யாரோ பதில் சொன்னார்கள்.

தணிந்த குரல். ஆண் குரல். சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் தாளம் பிடிபட்டது. அவள் விடுகிறாள், அது எடுக்கிறது. அது விடுகிறது, அவள் எடுக்கிறாள். தடங்கலே இல்லை. ரொம்ப நாள் பழக்கம் போல. ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் மகள் செரீனாவின் புருஷன் போனில் கூடச் சொல்கிறானோ? பெர்னடெட்டின் போன் அவர் கண்ணெதிரே, டிவிக்குப் பக்கத்தில், சார்ஜில் கிடந்தது.

மறுநாள் காலை ஆம்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனார். வாசுவின் கடை புடவைக்கடைக்கு மேல் மாடியில். பென்சில் முனையால் அவன் இடது வால்வை மெல்லத் தட்டினான். சோதனை ஸ்பீக்கரில் 'ணிங்' என்று மணி அடித்தது.

"மைக்ரோபோனிக் லா அங்கிள்" என்றான். "வயசான வால்வுக்கு இது வரும். உள்ள இருக்கிற கம்பி லூசாயிடுச்சுனா ரூமோட அதிர்வை எல்லாம் இழுக்கும். அதுக்கும் காது முளைச்சிருச்சுனு வெச்சுக்கோங்களேன். கழட்டிருங்க, வேற ஜோடி தரேன்."

"இல்லாத குரல் கேக்குமா வாசு?"

வாசு சிரித்தான். "என்ன அங்கிள், ஆன்டி திட்டுறது கேக்குதா? அப்ப நல்ல வால்வுதான்!" அவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான். "இது சுயமா எதையும் உண்டாக்காது அங்கிள். பெருசாக்கித்தான் கொடுக்கும். ரூம்ல இருக்கிறது மட்டும்தான் வரும்."

அவன் நீட்டிய புது ஜோடியை வாலண்டைன் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கியிருக்கலாம். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்துகொள்வது மேல் என்று அப்போது நினைத்தார், பாவம்.

சாப்பாட்டு மேசையில் கேட்டார். "ஏழு மணிக்கு நீ யாரு கூட ஜெபம் சொல்ற?"

பெர்னடெட் மீன் குழம்பை அவர் தட்டில் ஊற்றினாள். "யாரு கூட? உங்க ஆம்ப் கூடவா? எட்டு மாசமா தனியாத்தான் சொல்றேன். இப்பத்தான் ஐயாவுக்கு ஞாபகம் வந்துச்சாக்கும்."

"நேத்து சத்தம் கேட்டுச்சு."

"அந்தக் கருமத்தைக் காதுல மாட்டிக்கிட்டே இருந்தா சத்தம் கேக்காம என்ன செய்யும்? சாப்பிடுங்க, ஆறுது."

அவள் சிரித்தாள். முப்பத்தோரு வருடத்தில் பெர்னடெட் அவரிடம் பொய் சொன்னதில்லை. அதனால் பொய் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியவில்லை.

ஏழு மணி. ஹெட்போனை மாட்டினார். பாட்டு எதுவும் போடவில்லை. வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி வாசனை வந்தது. கதவு சாத்தும் சத்தம், தீக்குச்சி உரசும் சத்தம், மெழுகுவத்தித் திரி படபடக்கும் சத்தம். பாய் விரிகிறது. அவள் முட்டி பாயில் பதிகிறது.

அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு முட்டி பதிகிறது. கனமாக. ஒன்று. பிறகு மற்றொன்று. முட்டி வலிக்காரர் முட்டி போடுவது போல.

"மெதுவாச் சொல்லுங்க" என்று பெர்னடெட் கிசுகிசுத்தாள். "அவர் சந்தேகப்படுறாரு."

வாலண்டைனின் விரல்கள் நாற்காலிக் கையில் இறுகின. திருடனோ, பேயோ, எதுவாக இருந்தாலும் அந்த நேரம் அவர் தாங்கியிருப்பார். ஆனால் அந்தக் குரலில் இருந்த கனிவு! அவரிடம் அவள் அப்படிப் பேசி எத்தனை காலமாயிற்று? இந்த வீட்டுக்குள், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், அவரிடமிருந்து எதையோ மறைக்க அவள் இன்னொன்றோடு கூட்டுச் சேர்ந்திருந்தாள்.

"அருள் நிறைந்த மரியே" என்று அவள் தொடங்கினாள். முடித்தாள். விட்டாள்.

பதில் வந்தது. இந்த முறை சொல் சொல்லாக, தெளிவாக. 'புனித' என்ற இடத்தில் குரல் லேசாகக் கம்மி, ஒரு செருமல் செருமி, மறுபடி ஏறியது.

அந்தச் செருமல் அவருடையது. அந்தக் குரல் அவருடையது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். மேசையில் இடுப்பை இடித்துக்கொண்டு எழுந்தார். ஹாலில் எல்லா விளக்கும் எரிந்தது. ஜன்னலில் மோனோரயில் போனது, உள்ளே நின்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. போக வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். முட்டி போட வேண்டும். அது என் இடம்.

கதவைத் தள்ளினார்.

மெழுகுவத்தி வெளிச்சம். மாதா படம். பாய். பெர்னடெட்டின் முக்காடு.

அவளுக்கு வலப்பக்கத்தில் ஒரு முதுகு.

வெள்ளைப் பனியன். இடுப்பில் கட்டம் போட்ட சாரோங். உச்சியில் வழுக்கை. தன் முதுகைத் தானே யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனாலும் தெரிந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்த விதத்தில் தெரிந்தது. அது திரும்பவில்லை. மூச்சு விடுவது போல மேலும் கீழும் அசைந்தது. நிதானமாக.

பெர்னடெட் திரும்பினாள். அவள் பயப்படவில்லை. இடைஞ்சல் செய்யும் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீங்க போய்ப் பாட்டு கேளுங்க" என்றாள். "இவருக்கு முட்டி வலி. சீக்கிரம் முடிக்கணும்."

இவருக்கு.

அவள் கை அந்த முதுகைத் தடவிக் கொடுத்தது. பிறகு எழுந்து வந்து, அவர் முகத்துக்கு நேரே, மெதுவாகக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

வாலண்டைன் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். மரம் வெதுவெதுப்பாக இருந்தது. பெர்னடெட் என்று கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கு அசைந்தது. உதடு சேர்ந்தது, பிரிந்தது. தொண்டையில் காற்று மட்டும்.

அவர் குரல் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"பெர்னடெட்."

"சொல்லுங்க" என்றாள் அவள், அந்தப் பக்கத்திலேயே.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். கூப்பிட்டால் ஓடி வரும் மனிதர்கள் உங்கள் கூரைக்குக் கீழ் நிறைந்திருக்கட்டும். வருகிற குரல் ஒவ்வொன்றும் அந்தந்த ஆளுடையதாகவே இருக்கும்படி ஆண்டவன் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.