நீர் வாரும்

தொபுக்!

பெரிய கல் ஒன்றைத் தூக்கி ஏரிக்குள் எறிந்தது போன்ற சத்தம். தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்த கிறிஸ்ரி திடுக்கிட்டு நிமிர்ந்தான். சத்தம் மிகவும் பக்கத்தில்தான் கேட்டது. ஆனால் ஏரி துடைத்து வைத்த கண்ணாடி போலக் கிடந்தது. ஒரு வளையம் இல்லை, ஒரு குமிழி இல்லை. எதிர்க்கரை மலை அதற்குள் தலைகீழாக அசையாமல் நின்றது.

"மீனாயிருக்கும்," என்றான்.

"இந்தச் சத்தத்துக்கா? திமிங்கலம்தான் இருக்கணும்," என்றாள் சுவாதி.

இருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் இப்போதெல்லாம் அவர்களுக்கு எதுவும் வருவதில்லை.

லோறென்ஸ்கூக்கில் இருக்கும் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே கார் எடுத்து, ரொண்டானே தேசியப் பூங்காவுக்கு வந்திருந்தார்கள். மலைமேல் மூன்று ஏரிகள். சுலபமான பாதை, குழந்தை வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம். வழி நெடுகக் கற்களில், பாதை காட்டும் சிவப்புச் சாய T எழுத்து. செப்டம்பர் மாதத்து வேலைநாள் என்பதால் ஆள் நடமாட்டம் இல்லை. மூன்றாவது ஏரிக்கரையில் உட்கார்ந்து, பழுப்புச் சீஸ் வைத்த பாணைச் சாப்பிட்டு முடித்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

இந்த நடை சுவாதியின் விருப்பம். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த ஏரியெல்லாம் பாத்துடறேனே," என்று கேட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பெங்களூருக்கு விமானம். அங்கே வேலை கிடைத்துவிட்டது. திரும்பி வருவீரா என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சண்டை, அழுகை எதுவும் இல்லை. படுக்கையறையில் அவளுடைய பயணப் பெட்டி ஒரு வாரமாக வாயைத் திறந்தபடி கிடந்தது. அதைத் தாண்டித் தாண்டி நடந்த கிறிஸ்ரிக்கு, பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துப் போயிருந்தது. கிள்ளினால் கிள்ளியது தெரியும். வலி தெரியாது.

"குளிருது. நீர் தொப்பியைப் போடும்," என்றான்.

"இந்த 'நீர்' எனக்குக் கடைசி வரைக்கும் பழகவே இல்ல கிறிஸ். எங்க ஊர்ல நீர்னா தண்ணி. பொண்டாட்டியத் தண்ணின்னு கூப்பிடற ஆளுங்க நீங்க மட்டும்தான்."

இந்த நாட்டிலேயே, குரோருட்டில் வளர்ந்தவனுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்த தமிழ் அதுதான். அப்பா அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்.

"கோயிலிலை செபத்திலை கடவுளையும் நீர் எண்டுதானே கூப்பிடுறம்?"

"கூப்பிட்டா வர்றாராக்கும்?"

அவள் எழுந்து, மஞ்சள் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, படம் எடுப்பதற்காக அந்தப் பக்கத்துப் பாறைகளை நோக்கிப் போனாள்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. மலை உச்சியிலிருந்து ஆடு மேய்ந்து வருவதுபோல அவசரமில்லாமல் வந்தது; முதலில் எதிர்க்கரையை எடுத்தது, பிறகு நடு ஏரியை, பிறகு சுவாதி மறைந்த பாறைகளை; கடைசியில் அவன் காலடியில் இருந்த பாசியும் சிவந்த புல்லும்கூட வெளுத்து, ஈரமண்ணும் துரு ஏறிய இரும்பும் கலந்த ஒரு வாடை மட்டும் மூக்கில் நின்றது. காற்று நின்றுவிட்டது. எங்கோ ஓடிக்கொண்டிருந்த சிற்றோடையின் சத்தமும் நின்றுவிட்டது. ஓடை எப்படி நிற்கும்?

"சுவாதி!"

பதில் இல்லை.

"சுவாதி! நீர் எங்கை?"

மதியம் இதே இடத்தில் அவள் கூவியபோது மலை மூன்று முறை திருப்பிக் கூவியது. இப்போது எதிரொலியே இல்லை. குரல் போன இடத்தில் யாரோ அதை வாங்கி வைத்துக்கொள்வது போலிருந்தது. கிறிஸ்ரி கைகளை முன்னால் நீட்டி இரண்டு மூன்று எட்டு வைத்தான். சப்பாத்துக்குள் தண்ணீர் ஏறியது. பாறையைப் பார்த்துக் கத்துவதாக நினைத்து, ஏரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"பயப்பிடாதையும்! நான் இஞ்சைதான் நிக்கிறன்! நீர் வாரும்!"

மூடுபனி தடித்தது.

"நீர் வாரும்! என்ரை கையைப் பிடியும்!"

பிறகு, இத்தனை மாதமும் வாயில் வராதது, கேட்க யாருமில்லாத அந்த வெள்ளைக்குள் தானாக வந்தது.

"என்னை விட்டிட்டுப் போகாதையும்."

முன்னால் ஏதோ எழுந்தது. நிரம்பிய தொட்டியிலிருந்து ஆள் எழும்பும்போது தண்ணீர் வடியும் சத்தம். பிறகு சொட்டுச் சொட்டாக. கிட்ட. இன்னும் கிட்ட.

அவன் கைக்குள் ஒரு கை வந்து புகுந்தது.

"இஞ்சைதான் நிக்கிறன்," என்றது சுவாதியின் குரல்.

கிறிஸ்ரிக்கு உயிர் வந்தது. "எங்கை போனனீர்? வாரும், இறங்குவம்," என்று அவளை இழுத்துக்கொண்டு சிவப்பு T எழுத்தைத் தேடி நடந்தான். ஒவ்வொரு கல்லாக எழுத்துகள் மூடுபனியிலிருந்து வெளிவந்தன. கைதான் சில்லென்றிருந்தது. நெடுநேரம் பாத்திரம் கழுவிய கைபோல ஊறி, சுருங்கி, மெத்தென்று.

மூன்றாவது ஏரிக்குச் சற்றுக் கீழே, சதுப்பின்மேல் போட்டிருந்த பலகைப் பாதையில்தான் அவனுக்கு அது உறைத்தது.

இஞ்சை.

சுவாதி அப்படிச் சொல்லமாட்டாள். 'இங்க' என்பாள்.

"நீர் விழுந்தனீரே?" என்று மெல்லக் கேட்டான்.

"பயப்பிடாதையும்."

பலகை கிரீச்சிட்டது. அவன் காலுக்கு மட்டும். அவனுடைய மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பக்கத்தில் புகையவில்லை. மழையே பெய்யாத நாளில் அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

அதே முகம். அதே மஞ்சள் ஜாக்கெட். மூக்குத்தி மட்டும் இடப்பக்கம். சுவாதிக்கு வலப்பக்கம். தண்ணீரில் குனிந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.

கையை உருவப் பார்த்தான். பிடி இறுகவில்லை. தளரவும் இல்லை.

அந்த நேரம் மேலேயிருந்து கேட்டது. மெல்லிய சத்தம். பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல.

"கிறிஸ்! எங்கடா இருக்க? கால் கல்லுக்குள்ள மாட்டிக்கிச்சு! என்னால எந்திரிக்க முடியல!"

அவன் நின்றான். பக்கத்தில் இருந்ததும் நின்றது.

"கிறிஸ்! பயமா இருக்குடா!"

ஓடு. மேலே ஓடு. கையை உதறு. மூளை எல்லாம் சொன்னது. கால் கேட்கவில்லை. ஊசி போட்ட தாடை. அந்தக் குரல் தன்னைக் கூப்பிடுகிறது என்று தெரிந்தது. அது செவ்வாய்க்கிழமை போய்விடும் குரல் என்பதும் தெரிந்தது. வலிக்கும் என்று காத்திருந்தான். வலிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தது முகத்தை அவன் பக்கம் திருப்பியது. உதடு மெதுவாக அசைந்தது, புதுச் சொல் பழகும் குழந்தையின் உதடு போல.

"விட்டிட்டுப் போகமாட்டன்," என்றது.

அவன் கத்தாத சொல். அவன் கேட்க விரும்பிய சொல்.

கால் நகர்ந்தது. கீழ்நோக்கி.

கார் நிறுத்துமிடத்தில் அவர்களுடைய கார் மட்டும் நின்றது. வெளிச்சம் நீலமாகி அணைந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்துவிட்டான். அது ஏறி உட்கார்ந்தது. இருக்கை நனைந்து, தண்ணீர் விளிம்பு வழியாகக் கசிந்து, தரையில் தேங்கியது. காருக்குள் துருவும் ஈரமண்ணும் மணத்தன. அவன் எஞ்சினை முடுக்கினான்.

போன் அதிர்ந்தது.

திரையில் சுவாதியின் படம். வலப்பக்க மூக்குத்தியோடு சிரிக்கும் படம். கிறிஸ்ரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றது. மறுபடி அதிர்ந்தது. வெளியே முதல் உறைபனி கண்ணாடியில் பூக்கத் தொடங்கியிருந்தது. மேலே, மூன்றாவது ஏரிக்கரையில், இன்னும் குளிரும்.

பக்கத்து இருக்கையில் இருந்தது கழுத்தை நீட்டி, நனைந்த கண்களால் அந்தப் படத்தை ஆசையோடு பார்த்தது.

"ஆர் அது?"

அவன் போனை அணைத்தான். காரைப் பின்னால் எடுத்துத் தெருப்பக்கம் திருப்பினான். அந்தக் கை வந்து அவன் தொடைமேல் இருந்தது. அதன் குளிரும் அவனுக்குத் தெரியவில்லை.

"ஒருத்தரும் இல்லை," என்றான் கிறிஸ்ரி. "ஆரோ நம்பர் மாறி அடிச்சிட்டினம்."