பலகைக்கு அடியில்

அம்மாவின் வீட்டைக் காலி செய்ய வந்த ஃப்ராவ்கே, அட்டைப் பெட்டிகளை வாசலிலேயே போட்டுவிட்டு, சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். நவம்பர் மாலை. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. துறைமுகத்தில் பனிமூட்ட எச்சரிக்கைச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

"அந்தக் கருமத்த ஏன்டி பாக்குற?" என்றான் அண்ணன் ஹின்னெர்க்.

"அம்மாவுக்கு அஞ்சலியா நாடகமாம். நேரலையில வீட்ல இருந்தே பாக்கலாமாம். அதுக்கு டிக்கெட் வேற போட்டிருக்கான், வெக்கங்கெட்டவன்."

அன்ஸ்காரைத்தான் சொன்னாள். நாடகத்தில் அரசனும் அவன்தான், அரங்கின் இயக்குநரும் அவன்தான். அம்மா டெல்சே, மேடையின் விளிம்பில் பதித்த சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்து, முப்பது வருடமாக அவன் மறக்கும் வசனங்களைக் கிசுகிசுத்து எடுத்துக் கொடுத்தவள். போன மாதம், நேரலை ஓடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெட்டிக்குள்ளேயே இறந்துபோனாள். உடனே ஆளைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். திரை விழுந்த பிறகுதான் பார்த்தேன் என்றான் அன்ஸ்கார். எல்லோரும் நம்பினார்கள். ஃப்ராவ்கே மட்டும் நம்பவில்லை. அவளிடம் ஆதாரம் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

நாடகம் தொடங்கியது.

"பெட்டிய பலகை போட்டு ஆணியடிச்சுட்டானுங்க பாரு," என்றான் ஹின்னெர்க்.

அரசன் பாதிப் பேச்சில் நின்றான். வசனம் மறந்துவிட்டது.

டிக்.

பிறகு ஒரு கிசுகிசுப்பு. அன்ஸ்கார் வசனத்தைப் பிடித்துக்கொண்டான்.

"கேட்டியா?"

"மைக் கோளாறு."

"மைக் புதினா மிட்டாய் சப்புமா?"

ஹின்னெர்க் மடிக்கணினிப் பக்கம் குனிந்தான். வசனம் சொல்லும் முன் அம்மாவின் வாயிலிருக்கும் மிட்டாய் பல்லில் தட்டும். அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

டிக்.

"மூச்சு முட்டுதுன்னு அவ சொன்னா," என்றது கிசுகிசுப்பு.

பெட்டியிலிருந்து வருவதை யோசிக்காமல் சொல்லிவிடும் நாக்கு அன்ஸ்காருடையது.

"மூச்சு முட்டுதுன்னு அவ சொன்னா!" என்றான், அரசனின் குரலில்.

அவன் முகம் வெளுத்தது.

டிக்.

"எனக்குக் கேட்டுச்சு."

"எனக்குக் கேட்டுச்சு."

டிக்.

"கேட்டும் நடிச்சுக்கிட்டே இருந்தேன்."

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினான். விரல்களுக்கு நடுவே அந்த வார்த்தைகள் வெளியே வந்தன.

கணினித் திரை கறுத்தது. ஃப்ராவ்கே கணினியை மூடினாள். சமையலறையில் புதினா வாசனை.



கைபேசி அடித்தது. அன்ஸ்கார்தான்.

"ஃப்ராவ்கே, அது... அது நாடகத்துல சேத்த புது வசனம்மா. நம்புறதானே? நம்புறேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

ஒரு மாதமாக மனதுக்குள் அவனைத் திட்டித் திட்டி வைத்திருந்தாள். இப்போது அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

மூடிய கணினிக்குள்ளிருந்து, டிக்.

கிசுகிசுப்பைக் கேட்டாள். அப்படியே சொன்னாள்.

"நாளைக்கும் மேடைக்கு வா, அன்ஸ்கார். வசனம் இன்னும் பாக்கி இருக்கு."



மறுமுனையில், அவன் காதருகே எங்கோ, டிக்.

"வசனம் இன்னும் பாக்கி இருக்கு," என்றான் அன்ஸ்கார்.