பழுப்பு ஜாடி

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் தேடுவது கழிப்பறையைத்தான். நானும் மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் தேடினோம். மாப்பிள்ளை என்றால் என் அத்தை மகன். இருவரும் ஒரே ஓவியக் கல்லூரி. ஊர் திரும்பியதும் என் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். “போன மாதிரியே திருப்பிக் கொண்டாந்து சேர்த்துடு” என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தார், இரவல் குடையைப் பற்றிச் சொல்வது போல.

கல்லூரி பிடித்துக் கொடுத்த வீடு அங்கேயே குடியேறி இறந்துபோன ஒரு தமிழ் ஓவியருடையது. அவர் மனைவி வாடகைக்கு விட்டிருந்தாள். மாடியில் அவருடைய வேலைக்கூடம். பெரிய ஜன்னல், தரையெல்லாம் வர்ணச் சொட்டு, டர்பன்டைன் நெடி. அந்த நெடிக்கு அடியில் இன்னொரு நாற்றம். இறைச்சிக் கடையைப் பூட்டிவிட்டுக் கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டால் வருமே, அது.

“எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க தம்பி,” என்றாள் வீட்டுக்காரம்மா. அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை இறக்கினாள். “முக்கியமா இந்தப் பழுப்பு. தீர்த்துட்டீங்கன்னா எனக்குப் புண்ணியமா போகும்.”

ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற குடும்பம் எங்களுடையது. மாப்பிள்ளை ஜாடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நல்ல பழுப்புதான், குறை சொல்லக் கூடாது. புகைப்படத்தைப் பார்த்து அவன் என் தங்கையை வரைந்தான். கன்னத்தில் ரத்தம் ஓடுவது போல இருந்தது. மெல்லிய கோடு இழுக்கும்போதெல்லாம் பிரஷ் நுனியை வாயில் வைத்துச் சப்பிக் கூராக்குவான். ஆசிரியர்கள் திட்டி ஓய்ந்துபோன பழக்கம்.

“என்ன ருசி மாப்ளே?”

“கொஞ்சம் உப்பு. பழகிட்டா நல்லாத்தான் இருக்கு மச்சான்.”

எண்ணெய் வர்ணத்தை அப்படியே விட்டு வைத்தால், காய்ச்சிய பாலைப் போல மேலே ஆடை கட்டும். அதை நீக்கிவிட்டுத்தான் அடியிலிருந்து எடுக்க வேண்டும். மறுநாள் காலை அந்த வேலை என்னுடையது. ஆடையைக் கத்தியால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

அதில் மயிர்க்கால்கள் இருந்தன.

ஒரு மரு. மருவில் ஒற்றை நரைமுடி. சுற்றிலும் மெல்லிய வியர்வை.

கத்தியோடு குப்பையில் போட்டேன். அடுத்த நாள் புது ஆடை கட்டியிருந்தது. கத்தி கிழித்த இடத்தில் பொருக்குத் தட்டி, ஓரத்தில் சீழ் வைத்திருந்தது. மாப்பிள்ளையிடம் காட்டினேன். பொருக்கைப் பிரஷ்ஷால் ஒதுக்கினான், தொட்டான், சப்பினான், புருவத்துக்குக் கோடு இழுத்தான்.

அதன் பிறகு அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. “வயிறு நிறைஞ்சிருக்கு மச்சான்” என்பான். காலையில் நாக்கு வழித்தால் பழுப்பு ரோமம் திரிதிரியாக வந்து வாஷ்பேசினில் விழுந்தது. தண்ணீரைத் திறந்தாலும் ஓட்டைக்குள் இறங்கவில்லை. விளிம்பில் ஏறி, அவன் மணிக்கட்டைப் பிடித்து, முழங்கை வரை ஊர்ந்தது.

அவன் கையைத் தூக்கி அதை உறிஞ்சிக்கொண்டான்.

அந்த வாரம் நானும் சாப்பிடவில்லை. காரணம் வேறு.

வீட்டுக்காரம்மா ஒரு துண்டோடு மாடிக்கு வந்தாள். “ஆ காட்டுங்க தம்பி.” அவன் முகவாயைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அந்த வாய்க்குள்ளேயே கேட்டாள்.

“சௌகரியமா இருக்கா உங்களுக்கு?”

மாப்பிள்ளையின் நாக்கு அசையவில்லை.

உள்ளே யாரோ செருமினார்கள். சளி புரளும் செருமல். வயதானவர்களுக்கே உரியது, வயதாகிவிட்டதால் இப்போது எனக்கும் வருகிறது.

“ஜாடியில என்னம்மா இருந்தது?” என்றேன்.

“என் வீட்டுக்காரர்.”

“சாம்பலா?”

“எரிச்சா நிறம் போயிடும் தம்பி. காயவெச்சு அரைச்சேன். சும்மா கிடக்கறது அவருக்குப் பிடிக்காது.” மாப்பிள்ளையின் கடைவாயைத் துடைத்து, துண்டை முகர்ந்து பார்த்தாள். “இதுக்கு முன்னாடி எத்தனையோ பசங்க வந்தாங்க. ஒருத்தரும் சப்பலை.” படத்தில் இருந்த என் தங்கையை நிதானமாகப் பார்த்தாள். “பொண்ணு லட்சணமா இருக்கா. அவருக்கும் பிடிச்சிருக்காம்.”

ஜாடியை ஜன்னல் வழியே வீசப் பாய்ந்தேன்.

அது காலி. பூனை நக்கிய கிண்ணம் போலப் பளபளத்தது.

அன்றைக்கே அவனை இழுத்துக்கொண்டு விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தேன். டாக்டர் தொண்டை வரை டார்ச் அடித்துப் பார்த்து, வாய் சுத்தம் என்றார். மாப்பிள்ளையும் சோறு கேட்டான். அப்பாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“கல்யாணத்தைக் கலைக்க வேற கதையே கிடைக்கலையா உனக்கு?” என்றார். அவனை ஏற இறங்கப் பார்த்தார். “போன மாதிரியேதானே இருக்கான்.”

வீட்டில் என் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு. கல்யாணம் நடந்தது.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் தங்கை தனியாக வந்தாள்.

“அண்ணா, மத்தியானம் தூங்கறப்போ இவருக்கு வாய் திறந்துக்குது.”

“எல்லாருக்கும் திறக்கும்மா.”

“உள்ளேருந்து ஒரு பெரியவர் பேசறார். ‘வெளிச்சம் கூசுது, மூடும்மா’ங்கறார்.”

“நீ என்ன பண்ணே?”

“மூடினேன். பெரியவங்க சொல்லைத் தட்டலாமா.”

வலதுகை ஆள்காட்டி விரலை அவள் உடையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மூடறப்போ விரலைக் கவ்விக்கிட்டார் அண்ணா. பல்லே இல்லை.”