நுபியா கேட்ட தப்புக் கேள்வி

போன் அலறியது.

யாமிலே கையிலிருந்த ரப்பர் குழந்தையை மேஜை மேல் கிடத்தினாள். சனிக்கிழமை முதலுதவி வகுப்புக்கு அதைத் துடைத்துத் தயார் செய்துகொண்டிருந்தாள்.

"உதவி மையம். யாமிலே பேசறேன்."

"டீச்சர்... நான் நுபியா."

"சொல்லுங்கக்கா! சாப்பிட்டாச்சா?"

"ஒரு சந்தேகம் டீச்சர். நாலு மாசக் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்கலாம்தானே?"

யாமிலே சிரிக்க வாய் திறந்தாள்.

சிரிப்பு பாதியிலேயே செத்தது.

மெடெயின் நகரத்தின் அந்த மலைச்சரிவில், வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள உரிமம் வாங்கிய பெண்கள் அறுபது பேர். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சந்தேகம் தீர்ப்பது, மாதம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது... இதுதான் யாமிலேயின் வேலை.

அந்த அறுபதில் முதல் ஆள் நுபியா. பத்தொன்பது வருட அனுபவம். 'குழந்தையை மல்லாக்கப் போடுங்கடி!' என்று புதிதாக வருகிறவர்களை அதட்டுகிறவளே அவள்தான்!

"அப்புறம் டீச்சர்... பால்ல தேன் கலக்கலாம்ல?"

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனா!

யாமிலேயின் முதுகில் வியர்வை கோடு போட்டது.

"அக்கா... பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஆமா டீச்சர். ஒரு ஸ்பூன் போதுமா?"

"மிரட்டறாங்களா?"

"ஆமா டீச்சர். எல்லாரும் தூங்கறாங்க. நாளைக்கும் இதே ரெண்டு மணிக்குக் கூப்பிடறேன்."

டொக்.

நாளைக்குமா? நுபியா ஒரு நாளும் ரெண்டு மணிக்குக் கூப்பிட்டதே இல்லையே!

யாமிலே போலீஸை அழைத்தாள். கொட்டாவியோடு ஒரு குரல் வந்தது.

"ரத்தமாம்மா? துப்பாக்கிச் சத்தமா?"

"ரெண்டும் இல்ல சார். ஒரு அம்மா தப்பா கேள்வி கேட்டாங்க..."

"தப்பா கேள்வி கேட்டதுக்கெல்லாம் ஜீப் அனுப்பினா, என் மாமியாருக்கே தினம் நாலு ஜீப் வேணும்மா! ரோந்து போன ஆள் திரும்பினதும் பார்க்கறேன். வைங்க."

யாமிலே காத்திருக்கவில்லை. சோதனைப் படிவத்தையும் பேனாவையும் அள்ளிப் பையில் போட்டாள். மோட்டார் பைக்கை உதைத்தாள்.

மேட்டில் பைக் திணறியது. தலைக்கு மேலே கேபிள் கார்கள் எந்தக் கவலையும் இல்லாமல் ஊர்ந்தன. பாதி வழியில் தெரு முடிந்து படிக்கட்டு ஆரம்பித்தது. நூற்றுப் பதினெட்டுப் படிகள். மூச்சு இரைக்க ஏறினாள்.

பச்சைக் கதவு. தட்டினாள்.

உள்ளே ஏதோ உருளும் சத்தம்... அப்புறம் அமைதி.

கதவு ஒரு சாண் திறந்தது. நுபியா! தொண்ணூறு கிலோ உடம்பு. எப்போதும் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரிப்பவள். இப்போது உதடு மட்டும் சிரித்தது.

"அடடே டீச்சர்! சொல்லாம கொள்ளாம..."

"திடீர் பரிசோதனை, அக்கா. மேலிடத்து உத்தரவு. பத்து நிமிஷம்தான்."

உள்ளே நுழைந்தாள்.

பக்கத்து அறையில் பாய்களில் ஏழு குழந்தைகள் வரிசையாகத் தூங்கின.

கூடத்தில் ஒரு ஆள்.

முப்பது வயதிருக்கும். குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தான். கைகள் மேஜைக்கு அடியில். புருவத்துக்கு மேல் புதுக் காயம். கண்கள் யாமிலேயை முறைத்தன.

"இவர்?"

"என்... என் தம்பி. வில்மார்."

நுபியாவின் கோப்பு யாமிலேக்கு மனப்பாடம். கூடப் பிறந்தவர்கள் யாருமே இல்லை!

"வணக்கம் மேடம்!"

சமையலறையிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். கன்னத்தில் குழி. இடுப்பில் நாலு மாசக் கைக்குழந்தை. தோளில் டயபர் பை.

"நான் லெய்டி, மேடம். இங்க உதவிக்கு இருக்கற அக்காவுக்குக் காய்ச்சல். இன்னைக்கு மட்டும் மாத்து ஆளா வந்திருக்கேன்."

மாற்று ஆட்களை அனுப்புவது வேறு பிரிவு. யாமிலேக்கு அவர்களைத் தெரியாது. ஆனாலும் அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வீட்டில் அவன் மிரட்டாத ஒரு ஆளாவது இருக்கிறாளே!

அவன் கை மேஜைக்கு அடியில் அசைந்தது.

துப்பாக்கி!

யாமிலே படிவத்தை எடுத்தாள். "பால் புட்டி சுத்தம்... சரி. மருந்துப் பெட்டி உயரத்துல இருக்கா... சரி..." வாய் வாசித்தது. பேனா வேறு எழுதியது.

*போலீஸைக் கூப்பிடு. பின்பக்கமா போ. அவனுக்குச் சந்தேகம் வரக் கூடாது.*

"லெய்டி, உதவியாளர் கையெழுத்து வேணும்மா. இங்க."

டமார்!

நுபியாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து சிதறியது. அவள் முகம் வெளுத்திருந்தது. தலையை இடமும் வலமுமாக... வேண்டாம் என்பது போல...

"பார்த்து, அக்கா," என்றாள் லெய்டி இனிமையாக. படிவத்தை வாங்கினாள். படித்தாள். பேனாவை ஓட்டினாள். திருப்பிக் கொடுத்தாள்.

கையெழுத்து இல்லை.

*மாட்டேன்.*

யாமிலே நிமிர்ந்தாள்.

டயபர் பையிலிருந்து கறுப்பாக ஒரு குழல் எட்டிப் பார்த்தது!

"உட்காருங்க மேடம். மெதுவா. ஏழு பேரும் தூங்கறாங்கல்ல?"

வில்மார் கைகளை மேஜைக்கு மேலே தூக்கினான். குழந்தைகள் வரிசையாகப் பிடித்து நடக்கும் வண்ணக் கயிற்றால் மணிக்கட்டு இறுகக் கட்டப்பட்டிருந்தது.

'குழந்தை யார் கையில இருக்குன்னு முதல்ல பாருங்க...' வகுப்புக்கு வகுப்பு தான் கத்துகிற பாடம். அதில் தானே கோட்டை விட்டுவிட்டோமே! யாமிலேக்கு அவமானத்தில் காது எரிந்தது.

"நீங்க யாரு?" என்றாள் அவனிடம்.

"கிடங்குக் காவலாளி. உள்ள தூங்கறான்ல எமிலியானோ, அவன் அப்பா." அவன் குரல் உடைந்தது. "ஒரு கொலையைப் பார்த்துட்டேன். நாளைக்குக் கோர்ட்ல சாட்சி சொல்லணும். பையனுக்குக் காய்ச்சல்னு இந்தப் பொண்ணுதான் போன் பண்ணிச்சு. ஓடி வந்தேன்."

"மூணு மணிக்கு வேன் வருது," என்றாள் லெய்டி. "அப்பாவும் பையனும் ஏறுவாங்க. நீங்க வாயை மூடிக்கிட்டா பிழைச்சீங்க. ரெண்டு மணிக்கு மையத்துக்குப் போன் பண்ணலைன்னா ஆள் வந்துடும்னு இந்தக் கிழவி அழுதா. நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

"கிழவியா? எனக்கு அம்பத்திரண்டுதான்டி!" என்றாள் நுபியா.

"வாயை மூடு!"

கடிகாரம்... இரண்டு ஐம்பத்தொன்று.

இரண்டு ஐம்பத்து மூன்று.

யாமிலே வேனை நினைத்தாள். உள்ளே தூங்கும் மூன்று வயதுப் பையனை நினைத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது.

லெய்டியின் இடது கையிலிருந்த கைக்குழந்தை விறைத்தது.

முகம் சிவந்தது... மேலும் சிவந்தது... கருஞ்சிவப்பானது! கண்கள் பிதுங்கின. கால்கள் வயிற்றை நோக்கி மடங்கின. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

யாமிலே அந்த முகத்தைப் பார்த்தாள். நுபியாவும் பார்த்தாள். இருவர் கண்களும் ஒரு நொடி சந்தித்தன.

"ஐயோ! குழந்தைக்கு மூச்சு அடைக்குது!" யாமிலே வீறிட்டாள்.

"நடிக்காதே!"

"நானா நடிக்கறேன்? நீயே பாருடி! எப்படிப் பால் குடுத்தே? படுக்க வெச்சா?"

லெய்டி குனிந்தாள். கன்னத்துக் குழி காணாமல் போனது.

"ஆ... ஆமா..."

"பாவி!" நுபியா மாரில் அடித்துக்கொண்டாள். "உன் கையிலயே பச்ச மண்ணு போகப் போகுதுடி!"

"என்ன பண்றது? ஏய், என்ன பண்றது இப்ப?"

"என்கிட்ட குடு. முதுகுல தட்டணும். சீக்கிரம்!"

லெய்டி ஒற்றைக் கையால் நீட்டினாள். மற்றக் கையில் துப்பாக்கி இருந்தது.

"ரெண்டு கையால குடு! ஒரு கை தலைக்குக் கீழ! கழுத்து ஒடிஞ்சா அவ்வளவுதான்!"

ஆள் பிடிக்க வந்தவள்தான். ஆனால் ஒரு குழந்தை கையிலேயே சாவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. துப்பாக்கியை மேஜை மேல் வைத்தாள். இரண்டு கைகளாலும் குழந்தையை ஏந்திக் கொடுத்தாள்.

யாமிலே வாங்கினாள். பின்னால் துள்ளினாள்.

"வில்மார்!"

அவன் கால்களுக்குக் கட்டு இல்லை. ஓங்கி உதைத்தான். மேஜை கவிழ்ந்து லெய்டியின் முழங்காலில் இடித்தது. துப்பாக்கி அலமாரிக்கு அடியில் வழுக்கி ஓடியது. அவள் அதை நோக்கிப் பாய்ந்தாள்...

அதற்கு முன் நுபியா அவள் மேல் பாய்ந்தாள்.

தொண்ணூறு கிலோ!

"அம்மா...!"

"கத்தாதே. குழந்தைங்க தூங்கறாங்க," என்றாள் நுபியா அவள் முதுகில் வசதியாக உட்கார்ந்தபடி.

யாமிலே ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி மறு கையால் போனை எடுத்தாள். "சார், இப்ப துப்பாக்கி இருக்கு. போதுமா?"

ஆறே நிமிடத்தில் போலீஸ் வந்தது. படிக்கட்டுக்குக் கீழே வேனோடு காத்திருந்த இரண்டு பேரையும் அமுக்கியது.

கயிறு அவிழ்ந்ததும் வில்மார் உள்ளே ஓடினான். தூங்குகிற மகன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான். "நாளைக்குக் கண்டிப்பா கோர்ட்டுக்குப் போவேன்," என்றான் யாருக்கென்று இல்லாமல்.

யாமிலே குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்தாள். நுபியா அவளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுகையினூடே சிரித்தார்கள்.

லெய்டி விலங்கோடு வாசலில் திரும்பினாள்.

"அது... பிழைச்சுக்குமா?"

இளம் இன்ஸ்பெக்டருக்கும் அதே கவலை. பதறிப் போய் குனிந்தார்.

"மூச்சு அடைச்சுதாமே மேடம்? ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா? இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

யாமிலேயின் கையில் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. நிம்மதியான சிரிப்பு. ஒரு பெரிய வேலையை முடித்துவிட்ட சிரிப்பு.

யாமிலே டயபரின் ஓரத்தில் கை வைத்தாள்.

"குழந்தை மூச்சுக்கு ஒரு குறையும் இல்ல சார். நீங்கதான் கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கணும்!"