பத்து நாளாகப் பெருக்காத ஆபீஸ்

ஜன்னல் விளிம்பில் அழுத்தித் தேய்த்த வெள்ளைத் துணியைத் திருப்பிப் பார்த்தாள் வின்சி. துணி வெள்ளையாகவே இருந்தது.

அப்படி இருக்க வழியில்லை. இங்கே பெருக்கித் துடைக்கும் மாரிச்செல்வி வேலையை விட்டுப் போய் இன்றோடு பத்து நாள். இதுவோ ஆனி மாதம். மேற்கு மலையிலிருந்து இறங்குகிற காற்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருப் புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டுவந்து வீடுகளுக்குள் கொட்டுகிற சமயம். ராஜபாளையத்தில் அவள் வீட்டிலேயே காலையில் துடைத்த மேஜையில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். அவள் அடுத்த ஜன்னலுக்குப் போனாள். பைல் அலமாரியின் உச்சியில் எட்டித் தடவினாள். மின்விசிறியின் இறக்கையை ஸ்டூல் போட்டு ஏறித் துடைத்துப் பார்த்தாள். ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

ஆபீஸ்களுக்குத் துப்புரவு ஆள் அனுப்புகிற ராஜபாளையத்து கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் வின்சி சூப்பர்வைசர். ஆள்கள் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பார்த்து, பாரத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கிற இந்த ஆபீஸ், பேண்டேஜ் துணியை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு முதலாளியுடையது. போன மாதம்வரை இதை இன்னொரு சூப்பர்வைசரான ஜாஸ்மின் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி வலி, மாடி ஏற முடியவில்லை என்று வின்சி கையில் ஒப்படைத்திருந்தாள். வின்சி இந்தப் படியில் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"மாரிச்செல்வியும் நின்னுட்டா. ஆனா அங்க உள்ள மேனேஜர், காலையில வந்தா தரை ஈரமாக் கெடக்கு, இம்புட்டுச் சுத்தமா எப்பவும் இருந்ததில்லங்கான். யாரு வாரா, யாரு துடைக்கான்னு ஒண்ணும் புரியல. ஞாயித்துக்கெழம ஆள் இருக்காது, நீ போயி நிதானமாப் பாத்துட்டு வாட்டி" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள் ஜாஸ்மின்.

ஜாஸ்மின் அக்கா சொன்னால் வின்சி தட்டமாட்டாள். புருஷன் அலெக்ஸ் திருப்பூருக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்ட வருஷம், மூன்று வயதுப் பிள்ளையோடு நின்றவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டது அவள்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க வரிசையில் நின்றதும் அவள்தான். கூடப்பிறந்தவள் என்று ஒருத்தி இருந்திருந்தால்கூட அவ்வளவு செய்திருக்கமாட்டாள் என்று வின்சி பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

கீழே சாவி கொடுத்த வாட்ச்மேன் சுயம்புலிங்கம், அவள் பேரைக் கேட்டதும் ஒரு மாதிரி நிமிர்ந்து பார்த்தார்.

"வின்சின்னா... அந்த வின்சி மேடமா?"

"எந்த வின்சி அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லம்மா. நான் வந்து மூணு மாசந்தான் ஆச்சு. செத்த நேரத்துல வந்துருங்க. இருட்டிட்டா நான் மாடிக்கு வரமாட்டேன்."

அப்போது மணி ஐந்தரை. இப்போது ஆறேகால். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பழுத்துச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே இருக்கிற வைத்தியநாதர் கோயில் மணி எங்கோ தூரத்தில் அடிப்பதுபோல மெல்லக் கேட்டது. எங்கிருந்தோ பால் சுண்டக் காயும் வாடை வந்தது. அதற்கும் அடியில் பினாயில் வாடை. அதற்கும் அடியில் இன்னொன்று, ஈரப் பஞ்சை நாள்கணக்காக மூடிப்போட்டு வைத்தால் வருகிற புளித்த வாடை. அது காற்றோடு வரவில்லை. வராந்தாவின் கடைசியில், கதவு சாத்தியிருந்த ஒரு அறைப் பக்கமிருந்து தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது.

அவள் கணக்குப் பிரிவிலிருந்து மேனேஜர் அறைக்குப் போனபோது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. துணியைப் பிழிகிற சத்தம். தண்ணீர் வாளியில் சளசளவென்று விழுந்து, பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவள் செருப்புத் தடம் பதிந்திருந்த தரை மட்டும் இப்போது ஈரமாக, ஒரு தடமும் இல்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

பாத்ரூம் குழாய் ஒழுகுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போய்ப் பார்த்தாள். குழாய் ஒழுகவில்லை.

பாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்று ரிஜிஸ்டரைத் தேடினாள். அது டீ போடும் இடத்தில் கதவுக்குப் பின்னால் கயிற்றில் தொங்கியது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு தாள். 'எல்லா அறைகளையும் நேரில் பார்த்தேன். உள்ளே ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்து பூட்டினேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்து. ஜூன், மே, ஏப்ரல் என்று பின்னோக்கிப் புரட்டினாள். எல்லாம் ஜாஸ்மின், ஜாஸ்மின், ஜாஸ்மின். ஜனவரி பதிமூன்றில் கை நின்றது.

அந்தத் தாளில் 'வின்சி' என்று இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள். அந்த வாரம் முழுக்க அவள் மகளோடு வேளாங்கண்ணியில் இருந்தாள். பஸ் ஏற்றிவிட்டு, வழிக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்ததே ஜாஸ்மின்தான்.

திரும்பவும் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதைப் போலத்தான் இருந்தது. ஆனால் 'ன்' மேல் வைத்த புள்ளி சின்ன வட்டமாகச் சுழித்திருந்தது. அந்தச் சுழிப்பை அவளுக்குத் தெரியும். ஏழு வருஷமாக ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

பொங்கல் லீவில்தான் பரிபூரணம் இறந்துபோனாள். மாரிச்செல்விக்கு முன்னால் இந்த ஆபீஸில் பெருக்கிக்கொண்டிருந்தவள், ஐம்பது வயதுக்காரி, கான்சாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். வேலை பார்க்கிற இடத்திலேயே மாரடைப்பு என்றுதான் கம்பெனியில் சொன்னார்கள். வின்சி ஊரிலிருந்து திரும்பியதும் மாலை வாங்கிக்கொண்டு கான்சாபுரம் போனாள். அந்த வீட்டில் ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. பரிபூரணத்தின் மகள் ஜெயசித்ரா வாசலை மறித்துக்கொண்டு, "நீங்கதானா வின்சி? பாக்காமப் பூட்டிட்டு, இப்ப மாலையோட வாரியளா?" என்று கேட்டாள். துக்கத்தில் புத்தி கலங்கிப் பேசுகிறாள் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டாள் வின்சி. ஜாஸ்மினிடம் சொன்னபோது, "பாவம், விடு வின்சி" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

முதுகைத் தடவிக்கொடுத்த கை.

வின்சி போனை எடுத்தாள்.

"அக்கா, பதிமூணாந்தேதித் தாள்ல என் கையெழுத்து இருக்கு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"நான் வேளாங்கண்ணில இருந்தேன்க்கா. நீங்கதான பஸ் ஏத்தி விட்டிய? பரிபூரணத்தம்மா எப்படிச் செத்தா?"

"வின்சி," என்றாள் ஜாஸ்மின். குரல் வெகு நிதானமாக இருந்தது. "சாம்பிள் ரூமைத் திறந்து பாத்துட்டியா?"

"நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க."

"பாத்துட்டு வா. பொறவு எல்லாம் சொல்லுதேன்."

வின்சி போனை வைத்தாள். அந்தத் தாளைப் போட்டோ எடுத்தாள். நாளைக் காலையில் முதலாளியிடம் காட்ட வேண்டும். கான்சாபுரம் போய் ஜெயசித்ராவிடம் காட்ட வேண்டும். பையை மாட்டிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள்.

தட். தட்.

வராந்தாவின் கடைசி அறை. கதவின் கீழ்ப்பகுதியில், முழங்கால் உயரத்தில் யாரோ தட்டினார்கள். கதவின் மேல் 'சாம்பிள் ரூம்' என்று எழுதியிருந்தது.

"மேடம்."

காய்ந்த தொண்டையிலிருந்து வருகிற குரல். வின்சி அசையாமல் நின்றாள்.

"மாரிச்செல்வியா? ஏட்டி, உள்ள யாரு?"

தட். இந்த முறை மெதுவாக. தட்டுகிறவளுக்குத் தெம்பு குறைந்துகொண்டே போவதுபோல.

ஓடிவிடலாம். படி பத்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் ஒரு பெண் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால்? பத்து நாளாக வேலைக்கு வராதவள் இங்கேயே கிடந்தால்? பார்க்காமல் பூட்டிவிட்டுப் போனவள் என்று ஒரு ஊரே அவளை நினைத்துக்கொண்டிருக்கிறது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. உண்மையிலேயே இல்லை. இன்றைக்குப் பார்க்காமல் போனால் மட்டும் அவர்கள் சொல்வது நிஜமாகிவிடும்.

ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போனாள். தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாதபடி நாற்காலியை இடுக்கில் வைத்தாள்.

விளக்கு எரியவில்லை. போன் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் கூரைவரை இரும்பு ராக்குகளில் அடுக்கிய பேண்டேஜ் துணிச் சுருள்கள். தூசி படக்கூடாது என்று ஜன்னலே வைக்காமல் கட்டிய அறை. புளித்த பஞ்சு வாடை முகத்தில் ஈரத் துணியைப் போட்டதுபோல மூடியது.

"மாரிச்செல்வி?"

யாரும் இல்லை. கடைசி ராக்வரை போய்ப் பார்த்தாள். தரை கண்ணாடிபோல இருந்தது. திரும்பும்போது வெளிச்சம் கதவின் உள்பக்கம் விழுந்தது. உள்ளே கைப்பிடி இல்லை. கீழ்ப்பகுதியில் பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. அந்தப் பெயின்ட்டுக்கு அடியில், நெருக்கமாக, பள்ளம் பள்ளமாக நகக் கீறல்கள். நூற்றுக்கணக்கில். எழுந்து நிற்க முடியாதவள் கீறிய உயரத்தில்.

மாரடைப்பு இல்லை.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலி நகர்ந்தது. யாரும் உதைக்கவில்லை, தள்ளவில்லை. தரை துடைக்கிறவர்கள் வழியில் கிடக்கிற சாமானை எடுத்து ஓரமாக வைப்பார்களே, அப்படி, சத்தம் போடாமல் தூக்கி, வராந்தாச் சுவரோரம் நேராக வைக்கப்பட்டது.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

வின்சி அலறினாள். கையால் அடித்தாள். தோளால் இடித்தாள். துணிச் சுருள்கள் சத்தத்தை எல்லாம் குடித்தன. போனில் ஒரே ஒரு கோடு சிக்னல். வாட்ச்மேன் நம்பர் அவளிடம் இல்லை. அப்போது போன் அதிர்ந்தது. ஜாஸ்மின்.

"அக்கா! கதவு பூட்டிக்கிட்டு! வாட்ச்மேனுக்குப் போன் போடுங்க! சீக்கிரம்!"

"உள்ள போயிட்டியா?"

"அக்கா!"

"அன்னைக்கு வீட்டுல விருந்தாளுங்க, வின்சி. அவசரம். ராக்குக்கு அடியில குனிஞ்சு துடைச்சிக்கிட்டு இருந்திருக்கா. நான் குனிஞ்சு பாக்கல." ஜாஸ்மின் அழவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "அஞ்சு நாள் உள்ளயே கெடந்திருக்கா. எனக்கும் புள்ளைங்க இருக்குல்லா? நீ ஊர்ல இல்லங்கிறது எனக்கு மட்டுந்தான் தெரியும். அதான் தாளை மாத்துனேன்."

"இப்ப திறக்கச் சொல்லுங்க. நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன். சத்தியமா."

"ஒரு மாசமா பரிபூரணம் எங்க வீட்டுக்கு வாரா. பொழுது சாஞ்சா தரை ஈரமாயிருது. எம் புள்ள கட்டிலுக்கு அடியில இருந்து, யாரு பூட்டுனது, யாரு பூட்டுனதுன்னு கேக்கா. நேத்து..." மூச்சு வாங்கியது. "நேத்து உன் பேரைச் சொல்லிட்டேன்."

வின்சி மறுபடியும் கதவைத் தோளால் இடித்தாள்.

"நீ பின் வாசல் வழியாக் கெளம்பிட்டன்னு சுயம்புலிங்கத்துட்டச் சொல்லிட்டேன். உன் மகளை நான் பாத்துக்கிடுதேன். எம் மகளாட்டம் பாத்துக்கிடுதேன், வின்சி."

கீழே, வெகு தூரத்தில், இரும்பு ஷட்டர் இழுபட்டு இறங்கியது.

போன் அடங்கியது. சிக்னல் கோடும் போனது. டார்ச் மட்டும் எரிந்தது.

சத்தமில்லை.

பிறகு, பிழிகிற சத்தம்.

கடைசி ராக்குக்கு அடியில். சற்றுமுன் அவள் பார்த்த இடம். நின்றபடிதான் பார்த்திருந்தாள். ஜாஸ்மினைப் போலவே அவளும் குனிந்திருக்கவில்லை.

"நான் இல்லம்மா," என்றாள். "நான் ஊர்லயே இல்ல. அவிய பொய் சொல்லுதாவ. பரிபூரணத்தம்மா, நான் இல்ல."

ராக்கின் அடியிலிருந்து ஒரு கை வந்தது. நகங்கள் இல்லாத விரல்கள். கிழிந்த சேலைத் துண்டு ஒன்று. தரையில் அரை வட்டம். இன்னொரு அரை வட்டம். நிதானமாக. ஒரு இடமும் விடாமல்.

வின்சி பின்னால் நகர்ந்தாள். கதவு முதுகில் இடித்தது.

ஈரம் வந்தது. குளிர்ச்சி. துணி அவள் வலது கால் விரல்களைத் தொட்டது. கறையைத் துடைப்பதுபோல அழுத்தி, ஒரு தடவை, இரண்டு தடவை.

வலிக்கவில்லை.

டார்ச்சைக் கீழே காட்டினாள். கணுக்காலுக்குக் கீழே வெள்ளைத் தரை மட்டும் மின்னியது. சுத்தமாக. அங்கே கால் இல்லை.

கை துணியைப் பிழிந்தது. இடது காலுக்கு நகர்ந்தது.