முந்நூற்று அறுபதுக்கு அடுத்த பக்கம்

"இப்படித் தட்டிக்கிட்டே இருந்தா, கல்லறையில படுத்திருக்கிறவங்க எழுந்து வந்து திறப்பாங்களா?"

சர்ச் கதவைத் தட்டிக்கொண்டிருந்த தெல்மா வெடுக்கென்று திரும்பினாள். கொட்டும் மழை... கல்லறைகளுக்கு நடுவே, தோளில் சாக்கைப் போர்த்தியபடி ஒரு நெட்டையன். இடுப்பில் சாவிக்கொத்து. நனைந்த இமைகளுக்குக் கீழே அப்படியொரு சாம்பல் நிறக் கண்கள்...

"பாதிரியார் எங்கே?"

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கார். அடுத்த வாரம்தான் வருவார். நான் எட்வின் ஹெஸ்லிங், கோயில் பொறுப்பாளர்."

"பதிவேடுகளைப் பார்க்கணும். சாவிதான் இருக்கே, திறங்க."

"அவர் சொல்லாம திறக்கிறதில்லை."

"சரி. அவர் வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்." வாசல் பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரம். அவன் போகவும் இல்லை, திறக்கவும் இல்லை. கடைசியில் அவன்தான் சிரித்தான்.

"போட்டிருக்கிற கோட்டைப் பார்த்தா ஹாலிஃபாக்ஸ் பஸ் கண்டக்டர். அந்த ஊர்ல எல்லாருமே இப்படித்தானா?"

"இல்லை. அங்கே நான்தான் ரொம்ப சாது."

கதவு திறந்தது.

அவளுக்கு இருந்தது மூன்று நாள் விடுப்பு. அப்பா பெர்சி லம் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த வெதர்பெக் கிராமத்தில் பிறந்து அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 'உன் அம்மா உன்னைப் போட்டுவிட்டு ஓடிப்போனாள்' என்று சொல்லியே வளர்த்தார்கள். ஐம்பத்தேழு வயதிலும் அவருக்கு ஒரே கேள்விதான்... 'ஏன் போனா?' பதில் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று தெல்மா கிளம்பி வந்திருந்தாள்.

இரும்புப் பெட்டியிலிருந்து எட்வின் ஏடுகளை எடுத்துக் கொடுத்தான். முதல் நாளே ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. 1915, பிப்ரவரி பத்து. குழந்தை பெர்சி. தாய் ஹானா லம், வேலைக்காரி. தகப்பன் பெயர் இல்லை.

அடுத்த நாள் திருமணப் பதிவுகள். ஓடிப்போனவள் திரும்பி வந்து யாரையாவது மணந்திருப்பாளோ? எட்வின் ஃபிளாஸ்கில் தேநீரும் இஞ்சி கேக்கும் கொண்டுவந்தான். ஒரே வரியை இருவர் விரலும் தொட்டன... இரண்டும் உடனே விலகவில்லை.

'வந்த வேலையைப் பாருடி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள் தெல்மா.

மூன்றாம் நாள் அவன் முகமே சரியில்லை. அடக்கப் பதிவேட்டை அவனே புரட்டினான்.

"இதுல இல்லைங்க."

"நில்லுங்க! எண் முந்நூத்தி அறுபதுல முடிஞ்சது. அடுத்தது முந்நூத்தி எழுபத்தேழா? பத்து வருஷமா டிக்கெட் கிழிக்கிறவகிட்டேயா...?"

சேர்த்துப் புரட்டிய தாளைப் பிரித்தாள். முந்நூற்று அறுபத்து நான்கு. ஹானா லம், வயது பத்தொன்பது. இறந்த இடம், ஹெஸ்லிங் பண்ணை மாட்டுக்கொட்டில். அடக்கம், பிப்ரவரி பத்தொன்பது.

குழந்தைக்குப் பெயர் வைத்து ஒன்பதே நாள்!

எட்வின் தலை நிமிரவில்லை. "அவங்க எங்க பண்ணையிலதான் வேலை பார்த்தாங்களாம். கட்டிக்க இருந்தவர் பிரான்ஸ்ல போர்ல செத்துட்டாராம். வயித்துல பிள்ளைன்னு தெரிஞ்சதும் எங்க தாத்தா வீட்டை விட்டு விரட்டிட்டார். போக்கிடம் இல்லாம கொட்டில்லயே... வெளியே தெரிஞ்சா அவமானம்னு, ஓடிட்டதாச் சொல்லிக் குழந்தையை அநாதை இல்லத்துக்கு அனுப்பிட்டார். நேத்து நான் இதைப் பார்த்துட்டு அம்மாகிட்ட கேட்டப்போதான் சொன்னாங்க. 'இதைக் காட்டினா இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே'ன்னாங்க."

"உங்க தாத்தா ஒரு தடவை மறைச்சார். இன்னைக்கு நீங்க..."

தெல்மா ஏட்டை மூடினாள். மழையிலேயே நடந்து தொலைபேசிக் கூண்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் அப்பாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"அப்பா... அவங்க உங்களை விட்டுட்டுப் போகலைப்பா. செத்துப் போயிட்டாங்க. சாகுற வரைக்கும் உங்க கூடத்தான் இருந்தாங்க."

மறுமுனையில் அப்பா இருமி அடங்கினார்.

"வயசென்னம்மா?"

"பத்தொன்பது."

"அடப் பாவமே... சின்னப் பொண்ணும்மா அது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எட்வின் தொப்பலாக நின்றிருந்தான். கையில், பதிவைப் பிரதி எடுத்துக் கையெழுத்திட்ட தாள்.

"அவங்க பேருக்குக் கல்லு வைக்கிறேன். அம்மா என்னை வெளியே தள்ளினாலும் சரி. இன்னொண்ணும் சொல்லிடறேன். மறைச்சது அம்மாவுக்குப் பயந்து இல்லை. பார்த்ததும் நீங்க என்னை வெறுத்துட்டு பஸ் ஏறிடுவீங்க... அதைத் தாங்க முடியாதுன்னுதான். தப்புதான். உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு, தெல்மா."

அவள் தாளை மடித்துப் பத்திரப்படுத்தினாள்.

"உங்க அம்மா வீட்ல இருக்காங்களா?"

"இருக்காங்க... எதுக்கு?"

"ஹானா லம்மோட பேத்தி வந்திருக்கேன்னு என் வாயால சொல்லணும். வாங்க."

பண்ணைக்கு ஏறும் பாதையில் அவள் முன்னால் நடந்தாள். அவன் தயங்கித் தயங்கிக் கூட வந்தான்.

"இன்னும் கோபமா?"

"ரொம்ப."

பத்தடி போனதும் நின்றாள். முகம் சிவந்திருந்தது. அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"பிடிக்காத ஆள் மேல எனக்கு இவ்வளவு கோபம் வராது, எட்வின்..."