அக்கா நேரம்

எங்கள் டூபா சிட்டியில் யாராவது "ஆறு மணிக்கு வா" என்று சொன்னால், "எதற்கு?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "எந்த ஆறு?" என்றுதான் கேட்பார்கள்.

கோடைக்காலம் வந்தால் அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் நவஹோ மக்களின் நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்போம். எங்களைச் சுற்றியிருக்கும் அரிசோனா மாநிலம் அப்படித் தள்ளி வைக்காது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஹோப்பி என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் மோயென்கோபி கிராமம் இருக்கிறது. அவர்களும் தள்ளி வைக்க மாட்டார்கள். சாலையைக் கடந்தால் போதும், ஒரு மணி நேரம் குறைந்துவிடும்.

இது உங்களுக்குக் குழப்பமாக இருந்தால் கவலைப்படாதீர்கள். பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் எங்களுக்கும் அப்படித்தான்.

என் அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அவர் நவஹோ நேரத்துக்காரர். அம்மா சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்க்கிறார். அவர் மாநில நேரத்துக்காரர். அம்மாவின் தம்பி எமெட் மாமா, ஹோப்பிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு மோயென்கோபியில் குடியிருக்கிறார். அவருக்கும் மாநில நேரம்தான். ஆனால் எங்கள் வீட்டில் சாப்பாடு இருந்தால் மட்டும் நவஹோ நேரத்துக்கு மாறிவிடுவார்.

அதனால் எங்கள் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. கைபேசிகளோ, எந்தக் கோபுரத்திலிருந்து சிக்னல் கிடைக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் மணி ஒன்பது. எழுந்து ஜன்னல் ஓரம் போனால் எட்டு.

இந்த லட்சணத்தில்தான் நான் பயணத் திட்டம் போட உட்கார்ந்தேன்.

ரேலின் அக்கா இந்தக் கோடையில் யூட்டா மாநிலத்தில் இருக்கும் ஸயான் தேசியப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, முதன்முறையாகப் பார்வையாளர்கள் முன்னால் நின்று பேசப் போகிறாள். நாங்கள் வெள்ளிக்கிழமை கிளம்பி, கிராண்ட் கேன்யன் பூங்காவைப் பார்த்துவிட்டு, பேஜ் என்னும் ஊரில் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் ஸயானுக்குப் போவதாக ஏற்பாடு.

பெரிய தாளை மேசைமேல் விரித்து, கலர் பென்சில்களோடு தயாரானேன்.

"என்ன மந்திரி, திட்டம் எந்த அளவுல இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மாமா ஒரு ரொட்டியை எடுத்து வாயில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கிளம்பறோம்" என்றேன்.

"எந்த ஆறு?" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"கொலராடோ ஆறு!" என்று மாமாவே பதிலும் சொல்லிக்கொண்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"நம்ம ஆறு" என்றார் அப்பா.

"நம்மன்னா யாரு?" என்று அம்மா கேட்டார். "எனக்கு உங்க ஆறுங்கறது அஞ்சு."

"சரி, எழுதிக்கிறேன். நவஹோ ஆறு" என்றேன். "கிராண்ட் கேன்யன் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால ஏழரை."

"அங்க மாநில நேரம், யானபா. ஆறரை" என்றார் அம்மா.

மாமா தாளை எட்டிப் பார்த்தார். "ஆறுக்குக் கிளம்பி ஆறரைக்குப் போயிடுவோமா? என் பழைய வண்டி இவ்ளோ வேகமா ஓடும்னு எனக்கே தெரியாதே!"

நான் அழித்தேன். மறுபடி எழுதினேன். பூங்காவிலிருந்து இரண்டு மணிக்குக் கிளம்பி, ஒரு மணி நேரத்தில் கேமரன் ஊருக்கு வருகிறோம். அது மறுபடியும் நவஹோ நாடு. அதனால் அங்கே மணி நான்கு.

"ஒரு மணி நேர ரோட்டுக்கு ரெண்டு மணி நேரமா? வண்டியை நாம தள்ளிக்கிட்டுப் போறோமா?" என்றார் மாமா.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாமா!"

நான்கு மணிக்குக் கேமரனிலிருந்து கிளம்பினால் பேஜ் போக ஒன்றரை மணி நேரம். ஐந்தரை. ஆனால் பேஜில் மாநில நேரம். அதனால் நாலரை. மறுநாள் அங்கிருந்து யூட்டாவுக்குள் நுழைந்தால், அந்த மாநிலமும் எங்களைப்போல் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறது. இரண்டு நாளில் நான்கு முறை நேரம் மாறுகிறது. அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. எனக்குத் தலை சுற்றியது. அழுகையும் வந்தது.

"இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? கொஞ்சம் முன்ன பின்ன போனா என்ன?" என்றார் அப்பா.

போன வருடமும் அப்படித்தான் நினைத்தோம். அக்காவின் பட்டமளிப்பு விழாவுக்கு "நம்ம நேரம் பதினொண்ணு" என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். அப்பா குளிர்பதனப் பெட்டியில் "11" என்று எழுதி ஒட்டினார். அம்மா அதை மாநில நேரம் என்று எடுத்துக்கொண்டு, வேலையிலிருந்து ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஏறியபோது எங்கள் நான்கு பேரையும் தேடித் தேடிப் பார்த்தேன் என்று அக்கா பிறகு ஒரே ஒரு தடவை சொன்னாள். "பரவாயில்ல" என்றும் சொன்னாள். அந்தப் பரவாயில்லை எனக்கு இன்னும் உறுத்துகிறது. இரண்டாம் முறையும் அவள் அப்படித் தேடக் கூடாது.

நான் அக்காவுக்குத் தொலைபேசி செய்தேன்.

"சனிக்கிழமை வந்துடுவோம்க்கா" என்றேன்.

"வந்தா வாங்க. வர முடியலைன்னாலும் ஒண்ணும் இல்ல" என்றாள். குரலை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டாள்.

"பயமா இருக்காக்கா?"

"எனக்கென்ன பயம்? அங்க மணி என்ன? தூங்கலையா நீ?"

நான் சோபாவில் இருந்தேனா, ஜன்னல் ஓரம் இருந்தேனா என்று யோசித்தேன். சட்டென்று வேறொன்று தோன்றியது.

"அது இருக்கட்டும். அங்க மணி என்ன? சரியா சொல்லு."

"எட்டு இருபது."

அலமாரி இழுப்பறையில் அம்மாவின் பழைய கைக்கடிகாரம் ஒன்று கிடந்தது. சாவி கொடுக்கிற ரகம். எந்தக் கோபுரம் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் தானாக மாறவும் மாறாது. அதில் எட்டு இருபது வைத்து, கையில் கட்டிக்கொண்டேன்.

பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே பெரிதாக "அக்கா நேரம்" என்று எழுதினேன். கீழே எல்லா ஊருக்கும் அந்த ஒரே நேரத்தில் மணி போட்டேன். ஒரு மணி நேரச் சாலைக்கு ஒரு மணி நேரம்தான் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

"இது என்ன புது நேரம்?" என்று அப்பா கேட்டார்.

"வழியில நவஹோ நேரமும் வேணாம், மாநில நேரமும் வேணாம். அக்கா எந்த நேரத்துல நமக்காகக் காத்திருக்காளோ அதுதான் நமக்கும் நேரம். அது நவஹோ நேரத்தோட ஒத்துப்போனாலும் பேரு இதுதான். யாரும் கூட்டக் கூடாது, கழிக்கக் கூடாது. மணி தெரியணும்னா என் கையைப் பாருங்க."

"ஏற்கெனவே ரெண்டு நேரம் போதாதா, மூணாவதா ஒண்ணா?" என்று மாமா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். ஆனால் வெள்ளிக்கிழமை அக்கா நேரம் ஆறு அடித்தபோது அவர் வண்டி எங்கள் வாசலில் நின்றது.

அன்று முழுக்க எல்லாரும் என்னிடமே மணி கேட்டார்கள். கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நின்று அவ்வளவு ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலும் மாமா என் கையைப் பிடித்துத் திருப்பி, "சாப்பாட்டுக்கு இன்னும் எவ்ளோ நேரம் மந்திரி?" என்றார். சாயங்காலம் பேஜ் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். மறுநாள் ஏழு மணிக்கு எழுந்து எட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று திட்டத்தைப் படித்துக் காட்டினேன். அப்பாவின் கைபேசியில் அதற்கேற்ப அலாரமும் வைத்தோம்.

அலாரம் அடித்தது. எழுந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஐந்து.

"ஏன் இப்பவே அடிக்குது?" என்று கேட்டேன். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

அம்மா தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நான்தான் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சேன். நீ எதையாவது மாத்திப் போட்டிருந்தா என்ன பண்றதுன்னு பயம். எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

"ஒரு மணி நேரம்னா ஆறுக்குத்தானே அடிக்கணும்?"

எல்லாரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். மாமா திடீரென்று ஏரியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எமெட்!" என்றார் அம்மா.

"நீ முன்னாடியே தள்ளி வெச்சிருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் ஒரு மணி நேரம்தான் தள்ளினேன். நம்ம ரேலின் விஷயம், இல்லையா?"

அப்பா மட்டும் அலாரத்தில் கைவைக்கவே இல்லை. அவர் தூங்கினால்தானே அலாரம் தேவைப்படும்? பல் தேய்த்து, தலைவாரி, சட்டையெல்லாம் மாற்றி, வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

என் திட்டத்தை யாரும் முழுதாக நம்பவில்லை என்று கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது.

அக்கா நேரம் எட்டரைக்கெல்லாம் ஸயானுக்குப் போய்விட்டோம். செந்நிறப் பாறைகள் வானத்தை முட்டி நின்றன. மரநிழலில் வரிசை வரிசையாகப் பலகைகள் போட்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. முன்னால் அக்கா மட்டும் சீருடையும் தொப்பியுமாகத் தனியாக நின்று, காலிப் பலகைகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம். நான்... என் பெயர்... இன்று பாலைவன ஆமை..."

நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டது. கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எங்களைப் பார்த்ததும் அட்டையைத் தாழ்த்தினாள். "இப்பவே எப்படி... பதினொண்ணுக்குத்தானே... நான் நேரத்தை மாத்திச் சொல்லிட்டேனா?" என்று பதறிப்போனாள்.

"நீ சரியாத்தான் சொன்னே. அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன்" என்றேன். "நீ பேசுக்கா. நாங்க கேக்கறோம்."

நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அக்கா தொடங்கினாள். அதே இடத்தில் திக்கினாள்.

"ஆமையைப் பத்தி எல்லாம் தெரியும். ஆரம்பம்தான் வரமாட்டேங்குது" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. "இருபது தடவை சொல்லிப் பார்த்துட்டேன்."

அம்மா எழுந்திருக்கப் போனார். எனக்கு அந்த அட்டையைப் பார்க்கப் பார்க்க ஏதோ இடித்தது. அக்கா அப்படியெல்லாம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு நான் கேட்டதே இல்லை.

"அக்கா, நம்ம வீட்டுக்குப் புதுசா யாராவது வந்தா நீ 'என் பெயர் ரேலின்'னா ஆரம்பிப்பே?"

"இல்ல. நம்ம வழக்கப்படி அம்மா குலம், அப்பா குலம்னு சொல்லித்தான் ஆரம்பிப்பேன்."

"இங்க வர்றவங்களும் புதுசா வர்றவங்கதானே?"

அக்கா என்னையே பார்த்தாள். அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். நிமிர்ந்து நின்றாள்.

"யாஆதே" என்று எங்கள் மொழியில் வணக்கம் சொன்னாள். அம்மா வழியில் கசப்புநீர்க் குலம், அப்பா வழியில் செந்நிற வீட்டுக் குலம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எங்கேயும் நிற்கவில்லை. அதிலிருந்து ஆமைக்கு வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

மாமா கையைத் தூக்கினார். "மேடம், எனக்கு ஒரு சந்தேகம். அந்த ஆமையை நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாமா?"

"தூக்கவே கூடாது சார். பயந்துபோய், மாசக்கணக்கா உடம்புல சேர்த்து வெச்ச தண்ணியெல்லாம் விட்டுடும். அப்புறம் தாகத்துல செத்துடும்."

"என் சட்டையும் நனைஞ்சுடுமா?"

"நல்லா நனையும்" என்றாள் அக்கா. சிரித்துவிட்டாள்.

பதினொரு மணிக்குப் பலகைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. முன்வரிசையில் நான்கு இடங்களை மாமா காலை அகட்டி உட்கார்ந்து காப்பாற்றினார். அக்கா யாஆதே என்றதும் கூட்டத்தில் சலசலப்பு அடங்கியது. அவள் குலங்களைச் சொல்லும்போது அம்மாவையும் அப்பாவையும் பார்த்துத்தான் சொன்னாள். ஒரு சின்னப் பையன் ஆமைக்குப் பல் உண்டா என்று கேட்டான். அதற்கும் அக்காவிடம் பதில் இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவள் எங்களிடம் வந்து, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு மட்டும் நீங்க வரலைன்னா நான் அழுதிருப்பேன்" என்றாள்.

அதைச் சொல்லும்போதே தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.